விடுபட்ட பத்தாம் வசனம்

பூன் லே, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை, 19 ஜனவரி 2025
பிற்பகல் மணி 3.40

1. பொருள்: எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து அட்டையில் அச்சிட்டமை குறித்து ஆட்சேபம்

அண்ணாச்சி அவர்களுக்கு,

பொருளுக்கு எண் கொடுக்காமல் எனக்குக் கடிதம் எழுத வராது என்பதை நீங்கள் அறிவீர்கள். துறைமுக அலுவலகத்தில் கப்பல்கள் வந்த தேதியையும் புறப்பட்ட தேதியையும் பணி ஓய்வு வரை எழுதிய கை இது. "கல்யாண வாழ்த்துக்கும் நம்பர் போடுவியா கிளார்க்கு?" என்று நீங்கள் கேலி செய்தாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்று என்று போட்டதால் இரண்டு உண்டு என்று எண்ண வேண்டாம். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு பொருள்தான் இருக்கிறது. அது ஓராண்டாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

என் விரல்களில் எலுமிச்சை வாசனை. சற்று முன் இரண்டு காய்களைப் பிழிந்து, நீரிழிவை எண்ணிச் சர்க்கரையைத் தவிர்த்து, உப்புப் போட்டுக் குடித்தேன். கோலிக்குண்டு அளவே உள்ள சின்ன எலுமிச்சை. நம் ஊர்க் கடைகளில் லிமாவ் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. அந்தக் கையோடு எழுத உட்கார்ந்தால் மேசையில் இந்த ஆண்டின் வாக்குத்தத்த அட்டை கிடக்கிறது. ஒன்றின் வாசனை உங்களை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. மற்றொன்றைப் பார்த்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது.

அட்டையை வருணிக்கிறேன். வழவழப்பான தாள். மேல்பாதி முழுவதும் கடலில் உதிக்கும் சூரியன். கீழே தங்க நிற எழுத்தில், உங்களுக்காக நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல என்று கர்த்தர் சொல்லும் அந்த எரேமியா வசனம். அதிகாரம் இருபத்தொன்பது, வசனம் பதினொன்று. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. யாருக்கு, எப்போது, எந்த நிலைமையில் இது சொல்லப்பட்டது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. பிறந்தநாள் கேக்கின் மேல் எழுதிக் கொடுத்தாலும் பொருந்தும்படி செய்துவிட்டார்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், முன்பெல்லாம் புத்தாண்டுக் காலை ஆராதனையின் முடிவில் ஒரு வெள்ளித் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். ஒவ்வொருவரும் ஒன்றை எடுப்போம். எடுத்தது அந்த ஆண்டு முழுவதற்கும் கர்த்தர் நமக்குத் தனியாகச் சொன்ன வார்த்தை என்று கொண்டுபோய்ப் பர்சிலும் பூஜையறை இல்லாத நம் வீடுகளின் குளிர்பதனப் பெட்டிக் கதவிலும் வைத்துக்கொள்வோம். அந்த வழக்கத்தைப் பற்றியே நமக்குள் வழக்கு உண்டு. "சீட்டு எடுக்கிற மாதிரி இருக்கு" என்பேன் நான். "தட்டுல இருக்கிறது எல்லாம் நல்ல வசனமா இருந்தா சீட்டு எடுத்து என்ன பயன்? எல்லாருக்கும் முதல் பரிசுதானே" என்பீர்கள் நீங்கள். இந்த ஆண்டு தட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே அட்டை. எல்லாருக்கும் ஒரே சூரியன்.

நாம் இருவரும் நம் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர்களாக இருந்தோம். ஒரு ஞாயிறு நீங்கள், மறு ஞாயிறு நான். செம்பவாங் கப்பல் பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய நீங்கள் வாசித்தால் ஒலிபெருக்கி தேவைப்படாது. பாட அட்டவணையில் சில வசனங்களை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். விரும்பினால் விட்டுவிடலாம் என்று பொருள். கேட்பவர்கள் முகம் சுளிக்கக்கூடிய வசனங்கள் அவை. நீங்கள் ஒருமுறையும் விட்டதில்லை.

பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுதவர்களின் சங்கீதத்தை நீங்கள் வாசித்த ஞாயிற்றை நான் மறக்கவில்லை. கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டது வரை எல்லாரும் உருகிக்கொண்டிருந்தார்கள். அதன் கடைசி வசனங்கள், பழிவாங்கக் கேட்கும் அந்தக் கொடுமையான வசனங்கள், அடைப்புக்குள் இருந்தன. நீங்கள் நிறுத்தாமல் வாசித்துவிட்டீர்கள். ஆராதனை முடிந்ததும் அப்போதிருந்த ஆயர் உங்களை ஓரமாக அழைத்து, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இது தேவையா என்று கேட்டார். நீங்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு பணிவாகத்தான் சொன்னீர்கள்.

"எழுதினவன் அழுதுக்கிட்டே எழுதியிருக்கான் ஐயா. அழுகையைப் பாதியில வெட்ட எனக்கு மனசு வரல."

அன்று பேருந்தில் தேக்காவுக்குப் போய், நீங்கள் மீன் வாங்கி முடித்தபின், சந்தையின் மேசையில் தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க நெடுநேரம் வாதிட்டோம். அந்த வசனத்தை நான் விட்டிருப்பேன் என்று சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. வசனத்தை முழுக்கப் படி, அதன்பிறகு அதோடு சண்டை போடு என்றீர்கள். "கோபப்படு கிளார்க்கு. ஆனா முடிச்சிட்டுக் கோபப்படு." அது ஒன்றுதான் நீங்கள் எனக்கு விதித்த சட்டம். இன்று நான் கோபப்படுவது அந்தச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டே கோபப்படுகிறேன்.

2023ஆம் ஆண்டு, ஜனவரி முதல் தேதி. அன்றும் ஞாயிறு. தட்டிலிருந்து நீங்கள் எடுத்த அட்டை இதே பதினொன்றாம் வசனம். அதற்கடுத்த மாதம் உங்கள் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

செய்தி கேட்டதும் சபைச் செயலாளர் எபினேசர் ஜெபக் குழுவினரை அழைத்துக்கொண்டு உங்கள் செம்பவாங் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அவர் உங்களுக்காக உபவாசம் இருந்து வந்திருந்தார். அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு உங்கள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. கட்டிலருகே மண்டியிட்டு உங்கள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், இந்தக் கார்டை யாரு எடுத்தா? நீங்கதானே எடுத்தீங்க? கர்த்தர் உங்க கையில எழுதியே கொடுத்துட்டாரு. இனிமே வியாதியோட பேரையே வாயில எடுக்காதீங்க. சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணுங்க. கிளெய்ம் பண்ணுங்க, அங்கிள்."

"பண்றேன் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வசனம் மேல போய்ப் படிங்க."

எபினேசர் வேதாகமத்தைத் திறந்தார். பிறகு படித்தார். பாபிலோனில் எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்லும் பத்தாம் வசனம்.

"எழுபது வருஷம்னு போட்டிருக்கு. எனக்கு இப்பவே எழுபத்தாறு லா. நூத்தி நாப்பத்தாறு வயசு வரைக்கும் என்னை வச்சுக்கிட்டு இவ என்ன பண்ணுவா?" என்று உங்கள் துணைவியாரை, என் மதினியைக் காட்டினீர்கள்.

ஜெபக் குழுவே சிரித்துவிட்டது. எபினேசர் சிரிக்கவில்லை. உங்கள் துணைவியாரும் சிரிக்கவில்லை. அன்று அதை நான் கவனித்தேன். அதன் விலை பின்னால்தான் தெரிந்தது.

அவர்கள் ஜெபித்தார்கள். நீங்கள் உரக்க ஆமென் சொன்னீர்கள். அவர்கள் போனபின் நான் உங்களைக் குறுக்கு விசாரணை செய்தேன். அந்த வசனத்தை அவர்கள் திரிக்கிறார்கள் என்று காட்டிவிட்டு, பிறகு அவர்கள் ஜெபத்துக்கே ஆமென் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"சுகம் வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பிடும்னு அந்தப் பொய்த் தீர்க்கதரிசி அனனியா சொன்னப்ப எரேமியா முதல்ல என்ன சொன்னாரு? ஆமென்னு சொன்னாரு. கர்த்தர் அப்படியே செய்யட்டும்னு சொன்னாரு. அவருக்கும் ஆசைதான். ஆனா கடவுள் சொல்லாததைச் சொன்னாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டாரு. அவ்வளவுதான்."

அண்ணாச்சி, நான் தேதிகளில் கறாரானவன். தேதியில்லாத வாக்குறுதியை அலுவலகத்தில் நான் கோப்பில் சேர்த்ததே கிடையாது. ஆகையால் உங்கள் நோய்க்காலத்தில் இந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடவுள் தேதி குறித்துச் சொன்ன இடங்கள் வேதத்தில் மிகக் குறைவு. அப்படிச் சொன்ன இந்த ஓரிடத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு பார்க்க முடியாத தேதியைச் சொல்லிவிட்டார். அந்தக் கடிதம் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டபோது நரைத்தவர்கள் எல்லாரும் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். தங்களுக்கு இல்லை என்று தெரிந்திருக்கும். அதற்கு அடுத்த வரியில்தான் அவர், உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல என்கிறார். அந்த வரியை நம்புவதற்கு எவ்வளவு பெரிய நெஞ்சு வேண்டும். பத்தாம் வசனத்தை எடுத்துவிட்டால் பதினொன்றை யாரும் நம்பலாம். அதற்கு நம்பிக்கையே தேவையில்லை, நல்ல மனநிலை போதும்.

செப்டம்பரில் மருத்துவர்கள் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே உங்கள் மகள் சூசனைக் கார் ஓட்டச் சொல்லி நாற்றுப்பண்ணைக்குப் போய், முழங்கால் உயரத்தில் ஓர் எலுமிச்சைச் செடியை வாங்கிவந்து, வீட்டு வாசலில் செருப்பு வைக்கும் அடுக்குக்குப் பக்கத்தில் தொட்டியில் வைத்தீர்கள். இருக்கிற கஷ்டத்தில் இதற்கு வேறு யார் தண்ணீர் ஊற்றுவது என்று மதினி கடிந்துகொண்டார். "காய்க்கட்டும், அப்புறம் பேசு" என்று மட்டும் சொன்னீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், ஒரு குச்சியை ஊன்றிக் கட்டிக் கொடுத்தார். காய்த்தால் சம்பால் அரைக்க அவருக்குத்தான் முதல் பங்கு என்று பேசிக்கொண்டீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோயாளிக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி என் கோபத்தின் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது, நான் அடுத்த மேசையில் பாட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எபினேசர் மதினியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு கண்கலங்கச் சொன்னார்.

"ஆன்ட்டி, அங்கிள் மட்டும் அந்த வசனத்தை அப்படியே பிடிச்சிருந்தா…"

அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். வசனத்தைப் பாதியில் விடுகிறவர் வாக்கியத்தையும் பாதியில் விட்டார். முடித்திருந்தாலாவது நான் எழுந்து மறுத்திருக்கலாம். முடியாத வாக்கியத்தை மறுக்க முடியாது. அது கேட்டவரின் காதுக்குள் போய் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே முடித்துக்கொண்டது.

உங்கள் துணைவியார் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. சூசன் அழைத்தாள், புது ஆயர் வீட்டுக்கே போய் அழைத்தார், முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். நான் மாதம் ஒருமுறை பூன் லேயிலிருந்து ரயில் ஏறிச் செம்பவாங் போய் அவரைப் பார்த்துவந்தேன். ஈஸ்டர் முடிந்த வாரம், தேநீரை என் முன் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பத்தாம் வசனம், பத்தாம் வசனம்னு பேசிக்கிட்டே இருந்தீங்க. அவரு பதினொண்ணுலயே நின்னிருக்கக் கூடாதா தம்பி? கொடுத்ததை வாங்கிக்காம, மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தாரே. அதனாலதான் கர்த்தர் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டாரோ?"

என்னிடம் பதில் இருந்தது. எரேமியா இருந்தார், அனனியா இருந்தார், தேக்காவில் நாம் பேசிய பேச்செல்லாம் இருந்தது. ஆனால் கணவனை இழந்த ஒருத்தியின் முன்னால் வாதத்தை எடுத்து வைப்பது முறையல்ல. வாதத்தில் வென்றால் அவர் அழுகையை நிறுத்தியிருக்கப் போவதில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் வரும் வழியெல்லாம் உள்ளம் கொதித்தது. ஐம்பது ஆண்டு ஒரு மனிதர் வேதத்தை அடைப்புக்குறியோடு சேர்த்து நேசித்தார். வலி பொறுக்காமல் முனகியபோதும் கடவுளைக் குறைசொல்லவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று அவருடைய மனைவியையே நம்பவைத்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஆயுதம் ஓர் அழகான அட்டை.

இந்தப் புத்தாண்டில் அதே வசனத்தையே சபை முழுவதற்கும் இவ்வாண்டின் வாக்குத்தத்தமாக அறிவித்தபோது நான் இருக்கையிலேயே நெளிந்தேன். அதற்குமேல் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. ஆயர் விடுப்பில் ஊருக்குப் போயிருப்பதால் எபினேசர் நடத்துவார் என்றும், பாடம் வாசிக்க வேண்டியது நான் என்றும் ஏற்பாடு. தாள் அச்சாகி வந்தது. என் பெயருக்கு எதிரே எரேமியா 29:11 என்றிருந்தது. ஒரே வசனம். உங்கள் மறைவுத் தேதியாக 17 என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒன்றைப் பிறகு பேசுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடத்தில் எபினேசரைப் பிடித்தேன்.

"நாலாம் வசனத்துல இருந்து படிக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு அங்கிள்? அது பாபிலோன், சிறையிருப்புன்னு போகும். வரப்போறவங்கள்ல பாதிப் பேரு நெய்பர்ஸ், நம்ம ஆளுங்க இல்ல. அவங்களுக்கு என்கரேஜ்மென்ட் வேணும் லா. எழுபது வருஷம் காத்திருங்கன்னு சொன்னா யாரு நம்புவா?"

"நம்பினவங்க இருந்தாங்க. அதனாலதான் அந்தக் கடுதாசி இன்னும் நம்ம கையில இருக்கு."

அவர் என் தோளைத் தட்டினார். எழுபத்தாறு வயதுக்காரனின் தோளைத் தட்டுவது இப்போது சபையில் ஒரு பழக்கமாகிவிட்டது. சரி, அட்டையில் பத்தாம் வசனத்தையும் ஏன் போடவில்லை என்று கேட்டேன். டிசைன் அப்படி, இடம் போதவில்லை என்றார். அண்ணாச்சி, சூரியனுக்கு இடம் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு இடம் இல்லை.

நேற்றுச் சனிக்கிழமை மாலை உங்கள் வீட்டில் கூடினோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசல் வரை நின்றன. மக்சிக் தலையில் முக்காட்டோடு கதவோரம் அமர்ந்திருந்தார். சமையலறையில் பிரியாணி வந்து இறங்கியிருந்தது. மதினி உங்கள் படத்துக்கு நேரே, எதிலும் சேராதவர்போல் உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டில் நடக்கிறதே என்பதற்காக இருந்தார்.

நான் எழுந்ததும் முதலில் தேதியைத் திருத்தினேன். தாளில் 17 என்று இருப்பது தவறு, 16, செவ்வாய்க்கிழமை என்றேன். "அங்கிள், பிளீஸ் லா" என்று சூசன் முணுமுணுத்தாள். பொருட்படுத்தவில்லை. ஒரு மனிதர் இறந்த நாளைக்கூட ஒழுங்காக அச்சிடாதவர்கள் அவருடைய விசுவாசத்தை அளக்க வந்துவிட்டார்கள்.

பிறகு நாலாம் வசனத்தில் தொடங்கினேன். எபினேசர் நிமிர்ந்து பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உங்களைப்போல் நிதானமாக வாசிக்க முயன்றேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போகச் செய்யப்பட்ட யாவருக்கும் கர்த்தர் சொல்லுகிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நட்டு அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள்.

அந்த வரி என் வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான், அண்ணாச்சி, எனக்கு உறைத்தது. எத்தனை முறை கண்ணால் படித்திருக்கிறேன். நானும் பத்தாம் வசனத்திலேயே நின்றிருந்தேன்போலும், ஐந்தாம் வசனம் உங்கள் வாசலில் தொட்டியில் நிற்பதைப் பார்க்கவில்லை.

அதே நேரம் மதினி எழுந்து வெளியே போய்விட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புண்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்திவிடலாமா என்றிருந்தது. பாதியில் நிறுத்தினால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். குடியேறிய பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்பதையும், சொப்பனக்காரரின் பேச்சைக் கேட்காதேயுங்கள் என்பதையும், எழுபது ஆண்டுகளையும், அதன்பின் பதினொன்றையும் வாசித்து, முழு இருதயத்தோடும் தேடினால் காண்பீர்கள் என்பதில் முடித்தேன்.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஐந்தாறு எலுமிச்சைகள். சூசன்தான் இந்த ஓராண்டும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். மதினி அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை என்று பிறகு சொன்னாள்.

"முதல்ல இருந்து இன்னொரு தடவை படிங்க தம்பி."

"ஆன்ட்டி, நேரமாச்சு, சாப்பாடு ஆறிப்போயிரும்" என்றார் எபினேசர்.

"ஆறினா சூடு பண்ணிக்கலாம்."

மறுபடியும் படித்தேன். அவர் உட்காரவில்லை. கனியைச் சாப்பிடுங்கள் என்ற இடத்தில் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டார். படித்து முடிந்ததும், உங்கள் படத்தைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"இதுக்குத்தானா? ஆஸ்பத்திரியில முடியாதுன்னு சொன்ன அதே வாரம் போய் வாங்கிட்டு வந்தீங்களே. எல்லாத்தையும் விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

பிறகு எபினேசர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் கோபம். அவருக்கு அது உண்மையான கேள்வி.

"எபினேசரு, நம்பிக்கையில்லாத மனுசன் செடி வாங்குவாரா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல "ஆமென்" என்றார். பேச்சு நின்றுபோனால் அந்தச் சொல்லைச் சொல்வது அவர் வழக்கம். மனத்தோடு சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் நம்ப மறுக்கிறேன். நீங்கள் இருந்தால் நம்பச் சொல்லியிருப்பீர்கள்.

மதினி எலுமிச்சையில் இரண்டை மக்சிக் கையில் கொடுத்தார். இரண்டை என் சட்டைப் பையில் போட்டார். உங்கள் வாக்கு நிறைவேறியது. காய்த்தது, அப்புறம் பேசினார்.

என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்று காலையும் எபினேசர் மேடையில் நின்று அதே வசனத்தைத் தலையும் வாலும் இல்லாமல் சொல்லி, எல்லாரையும் பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிச் சொல்லச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவர் அதை என்னிடம் சொன்னார். நான் அவரிடம் பத்தாம் வசனத்தைச் சொன்னேன். அவர் வேறு இருக்கைக்கு மாறிவிட்டார். அடுத்த செயற்குழுவில் ஆட்சேபம் எழுத்தில் கொடுப்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். துன்பப்படுகிறவன் கையில் பாதி வசனத்தைக் கொடுப்பது, ஆற்றைக் கடக்கிறவனுக்குப் பாதிப் பாலத்தைக் கட்டிக் கொடுப்பதற்குச் சமம் என்று நான் சாகும்வரை சொல்வேன்.

மதினி இன்று ஆலயத்துக்கு வரவில்லை. ஆனால் பிற்பகல் தொலைபேசியில் அழைத்தார். இத்தனை மாதங்களில் அவராக அழைத்தது இதுவே முதல்முறை.

"அடுத்த வாரம் பாடம் யாரு?"

"நான்தான் மதினி."

"அடைப்புல போட்டிருக்கிறதையும் படிப்பீங்கல்ல?"

"படிப்பேன்."

"அப்ப வர்றேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அதன்பிறகுதான் எழுந்துபோய் அந்த எலுமிச்சைகளைப் பிழிந்தேன். கடும் புளிப்பு.

உங்கள் சாம்பல் இருக்கும் மாடத்தின் பளிங்குக் கல்லுக்குப் பின்னால் கடிதம் போட வழியில்லை. ஆகவே இதை என் வேதாகமத்தில், அந்தக் கடிதம் இருக்கும் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறு வாசிக்கப் போகும்போது அது என் கையில் இருக்கும். எதையும் முடிக்கும்வரை உட்கார மாட்டேன்.

தங்கள் அன்புள்ள,
கிளார்க்கு

இணைப்பு:

(அ) 2025ஆம் ஆண்டு வாக்குத்தத்த அட்டை, ஒன்று. பின்புறத்தில் பத்தாம் வசனம் என் கையெழுத்தில். சூரியனின் மேல் எழுத மை பிடிக்கவில்லை.

(ஆ) நினைவு ஆராதனைத் தாள், ஒன்று. மறைவுத் தேதி சிவப்பு மையில் திருத்தப்பட்டு, என் சுருக்கொப்பம் இடப்பட்டுள்ளது.

(இ) எலுமிச்சை விதை, ஒன்று. மற்ற விதைகளை இன்று பிற்பகல் என் வாசலில் தொட்டியில் போட்டுவிட்டேன். விதையிலிருந்து வந்தால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று சூசன் சொல்கிறாள். நீங்கள் செடி வாங்கிய வயது இப்போது எனக்கு. ஆகட்டும்.